தனியாளாகச் செக்கு நடத்துகிறேன்: தினமும் காணொளி போட முடியாது, வேறு வழி உண்டா?

காங்கேயம் செக்கு:

எல்லோருக்கும் வணக்கம். காங்கேயம் பக்கத்தில் சிறிய மரச்செக்கு வைத்திருக்கிறேன். வாகை மரச் செக்கு, மோட்டாரில் ஓடுவது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் ஆட்டுகிறேன். எள் புடைப்பது, கொப்பரை காயவைப்பது, ஆட்டுவது, தெளியவைத்துப் பாட்டிலில் அடைப்பது, பார்சல் கட்டுவது எல்லாமே நான் ஒருத்திதான்.

பழைய வாடிக்கையாளர்கள் விடாமல் வாங்குகிறார்கள். புதியவர்கள்தான் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால் பார்ப்பவர்களும் அதே பழைய ஆட்களே. ஒரு விளம்பர நிறுவனம் தினம் ஒரு ரீல்ஸ் போடுகிறோம், மாதம் பதினைந்தாயிரம் கொடுங்கள் என்றது. அந்தப் பணத்துக்கு நான் எள் வாங்கிப் போட்டுவிடுவேன். நானே செய்யலாம் என்றால் மாலையில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், அதற்குள் உடம்பு அசந்துவிடுகிறது. என்னைப் போல ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவர்கள் என்ன எழுதுகிறீர்கள், எங்கே எழுதுகிறீர்கள்?

திருப்பூர் தையல் மெஷின்:

அம்மணி, வணக்கம். நான் வீட்டுத் தையல் மெஷின் பழுது பார்ப்பவன். கடையில் நான் மட்டும்தான்.

தினமும் போட வேண்டும் என்ற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் போனில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கு முழுதாக ஒரு பதில் எழுதினால் போதும். வாரத்துக்கு ஒன்று போதும், இரண்டு வாரத்துக்கு ஒன்றானாலும் பரவாயில்லை.

என்னிடம் அதிகம் வரும் கேள்வி, "நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்வது?" பெரும்பாலும் ஊசியைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். ஊசியில் ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடும். நூலை எந்தப் பக்கத்திலிருந்து கோக்கிறோமோ, அந்தப் பள்ளம் அந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தால் தடவிப் பார்க்கலாம். இதை ஒருமுறை படத்தோடு எழுதி வைத்தேன். இப்போது யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தை அனுப்பிவிடுகிறேன். இப்படி இலவசமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வருமானம் போய்விடாதா என்று உறவினர்கள் கேட்டார்கள். போகவில்லை. ஊசியைத் தாமே மாற்றிக்கொண்டவர்கள், ஷட்டில் (ஊசிக்குக் கீழே நூலைப் பிடிக்கும் பாகம்) முனை தேயும்போது மெஷினைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். அவர்கள் அந்தப் பக்கத்தைத் தையல் வகுப்புத் தோழிகளுக்கும் அனுப்புகிறார்கள். புதிய ஆட்கள் வரும் வழி அதுதான்.

உங்களுக்கு என்னைவிட நல்ல கேள்விகள் இருக்கின்றன. எள்ளில் கருப்பட்டி ஏன் போடுகிறீர்கள்? பாட்டிலின் அடியில் மண்டி ஏன் நிற்கிறது? ஒரு லிட்டர் வாங்கினேன், தராசில் ஒரு கிலோ வரவில்லையே? (எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, லிட்டருக்குச் சுமார் 910 கிராம்தான் நிற்கும். இது தெரியாமல் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய.) தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது? அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், கலப்படம் என்று பயப்பட வேண்டியதில்லை. இந்தப் பதிலை மார்கழியில் போன் வந்த பிறகு எழுதிப் பயனில்லை. கார்த்திகையிலேயே எழுதி வைத்துவிடுங்கள். பெங்களூருக்கும் ஊட்டிக்கும் பார்சல் போகிறதென்றால் இன்னும் முன்னதாக. நல்லெண்ணெயைப் பற்றியும் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட விலையை எழுதுங்கள். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் வேண்டும் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. இந்த மாதம் எள் என்ன விலை, கருப்பட்டி எவ்வளவு, மின்சாரம், பாட்டில், உங்கள் கூலி, புண்ணாக்கு விற்று வருவது எவ்வளவு என்று கணக்கை அப்படியே போடுங்கள். மாதம் ஒருமுறை திருத்துங்கள்.

எங்கே என்று கேட்டீர்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதில் உழைப்பைக் கொட்டாதீர்கள். கூகுள் வரைபடத்தில் தொழில் பக்கம் இலவசம், அதை முதலில் திறந்து செக்கின் படம், நேரம், எண் மூன்றையும் போடுங்கள். பதில்களை ஒரு வலைப்பூவிலோ யூடியூபிலோ வையுங்கள், ஆண்டுக்கணக்கில் தேடுபவர் கையில் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) ஒன்றுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். "இந்த எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்" என்று பாட்டில் லேபிளிலேயே அச்சிடுங்கள்.

உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டாம். செக்கு ஓடும்போது கொஞ்சம் தள்ளி நின்று போனில் தமிழில் பேசினால் எழுத்தாக விழும். மாலையில் திருத்திக்கொள்ளலாம். புதிதாக வருபவரிடம் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு பில் புத்தக ஓரத்தில் குறித்து வையுங்கள். எது வேலை செய்கிறது என்று அது சொல்லும்.

மதுரை சுடுமண் நகை:

அண்ணா சொன்னது சரிதான், ஆனால் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. என் கம்மலைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. படத்தைப் பார்க்கிறார்கள், வாங்குகிறார்கள். எனக்கு இன்ஸ்டாகிராம்தான் சோறு போடுகிறது. அக்கா, நீங்களும் படத்தை ஒதுக்கிவிடாதீர்கள். ஆட்டுகிற எள்ளில் கருப்பட்டியைப் போட்டபின் எண்ணெய் பிரிந்து வருவதை, பாட்டு எதுவும் சேர்க்காமல், செக்கின் சத்தத்தோடு ஒரு நிமிடம் எடுங்கள். எந்த ஊர்க்காரரும் நின்று பார்ப்பார்.

சேலம் மசாலா:

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய் குறையும், கொழுப்பு கரையும், மூட்டு வலி தீரும் என்றெல்லாம் எழுதாதீர்கள். பக்கத்துக் கடைக்காரர் எழுதியிருந்தாலும் வேண்டாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 2006, பிரிவு 53-இன்படி தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நோயாளி ஒருவர் அதை நம்பி மருந்தை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? லேபிளில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் தெளிவாக இருக்கட்டும்.

காங்கேயம் செக்கு:

எல்லோருக்கும் நன்றி. இன்று ஒன்று பேசிப் பார்த்தேன், திருத்திக் கொடுங்கள்:

"நம் முன்னோர்களின் பாரம்பரியத்தைப் போற்றும் வகையில் எங்கள் செக்கு இயங்கிவருகிறது. தரமே எங்கள் தாரக மந்திரம். வடை சுடும்போது கடலை எண்ணெய் நுரைத்துப் பொங்குகிறது என்று சிலர் கேட்கிறார்கள். சுத்திகரிக்காத எண்ணெயில் பிசின் போன்ற பொருளும் நுண்ணிய துகளும் தங்கியிருப்பதால் நுரை வரும். கடாயில் பாதிக்குமேல் ஊற்றாதீர்கள். மெல்லிய தீயில் காயவிடுங்கள். சிறு புளி உருண்டையைப் போட்டுப் பொரித்து எடுத்துவிட்டால் நுரை அடங்கும்."

இன்னொரு சந்தேகம் அண்ணா. விலைக் கணக்கை வெளியே போட்டால் பக்கத்துச் செக்குக்காரர்கள் பார்த்துவிட மாட்டார்களா?

திருப்பூர் தையல் மெஷின்:

அவர்களும் அதே மண்டியில்தான் எள் வாங்குகிறார்கள், கணக்கு அவர்களுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். தெரியாதவர் வாங்குபவர் மட்டுமே.

பதிவு நன்றாக இருக்கிறது. முதல் இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடுங்கள், "வடை சுடும்போது" என்பதிலேயே தொடங்கட்டும். புளி உருண்டை எவ்வளவு பெரியது என்று சொல்லுங்கள், கோலி அளவா, சுண்டைக்காய் அளவா? தெளியவைக்க எத்தனை நாள் வெயிலில் வைக்கிறீர்கள் என்பதையும் சேருங்கள். கடைசியில் உங்கள் எண்.