1991 வேர்ல்ட் சீரிஸ் 7-வது ஆட்டம்: பாக்ஸ் ஸ்கோரை டாலி பண்றது எப்படி?

குடந்தை ஸ்கோரர்:
தஞ்சாவூர்ல காலேஜ் பேஸ்பால் மேட்சுக்கு ஸ்கோர் எழுதணும். பழகறதுக்கு வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடர்) 1991 அக்டோபர் 27 ஆட்டத்தோட பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தோட கணக்கு அட்டை) எடுத்திருக்கேன்: மினசோட்டா ட்வின்ஸ் 1, அட்லாண்டா பிரேவ்ஸ் 0. பத்தாவது இன்னிங்ஸ்ல முடிஞ்சது. அட்லாண்டா பிட்சர்கள் (பந்து போடறவங்க) போட்ட இன்னிங்ஸ் கணக்கு ஸ்மோல்ட்ஸ் 7.1, ஸ்டான்டன் 0.2, பெனா 1.1. கூட்டினா 8.4 வருதே? முக்கால்வாசி ஆட்டம் போட்டது ஸ்மோல்ட்ஸ், தோல்வி ஏன் பெனா பேர்ல? கடைசியா மினசோட்டாவோட லார்கின் அடிச்ச ஜெயிச்ச அடி அவுட்ஃபீல்டர் தலைக்கு மேல போயும் ஏன் வெறும் சிங்கிள் (ஒரு பேஸ் அடி)? கிரிக்கெட் புக்ல பேட்டிங், பவுலிங் ரெண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்துடலாம், இதுல அதுக்கு என்ன வழி?

வெண்ணாற்றங்கரை:
அது தசமப் புள்ளி இல்ல தம்பி. 15.4 ஓவர்னா எப்படிப் படிப்பீங்களோ அப்படித்தான், பந்துக்குப் பதிலா அவுட். ஒரு இன்னிங்ஸுக்கு 3 அவுட். ஸ்மோல்ட்ஸ் 22, ஸ்டான்டன் 2, பெனா 4, மொத்தம் 28 அவுட், அதாவது 9.1. பத்தாவதுல ஒரு அவுட்லயே ஜெயிக்கிற ரன் வந்துடுச்சு. எதிர்ப்பக்கம் ஜாக் மோரிஸ் ஒத்தை ஆளா 10.0, முழுசா 30 அவுட்.

எக்செல்ல 1.1-னு அப்படியே போட்டா எர்ன்ட் ரன் சராசரி (ஃபீல்டிங் பிழை இல்லாம பிட்சர் விட்ட ரன், 9 இன்னிங்ஸுக்கு எத்தனைங்கிற கணக்கு) நாசமாப் போயிடும். பெனா விட்டது 1 ரன், அதுக்கு 9-ஐ 1.1-ஆல வகுத்து 8.18 காட்டும். தனியா ஒரு காலம் (column) போட்டு அதுல அவுட்டை மட்டும் எழுதுங்க. எர்ன்ட் ரன்னை 27-ஆல (9 இன்னிங்ஸோட அவுட்) பெருக்கி அவுட்டால வகுங்க. 27 ÷ 4 = 6.75, இதுதான் சரி.

மன்னை மைதானம்:
ரன் கொடுத்தது யாருன்னு பார்க்க, அடிச்ச நேரத்துல போட்டவரைப் பார்க்கக் கூடாது, அந்த ரன்னரை (பேஸ்ல நிக்கிற பேட்டிங் ஆளை) பேஸ்ல ஏத்தினவரைப் பார்க்கணும். இல்லேன்னா மேட்டூர்ல திறந்த தண்ணிய கல்லணைக் கணக்குல எழுதின கதைதான். 8-வதுல ஸ்மோல்ட்ஸ் ரெண்டு பேரை பேஸ்ல விட்டுட்டுப் போனார். அவங்க ரன் எடுத்திருந்தா ஸ்டான்டன் போட்டாலும் அது ஸ்மோல்ட்ஸ் தலையில விழுந்திருக்கும். ஆனா ஒரு லைன் டிரைவ்ல (தாழ்வா நேரா பறந்த அடி) ரெண்டு அவுட், ஸ்டான்டனோட 0.2 அதுதான். பத்தாவதுல கிளாடன் டபுள் (ரெண்டு பேஸ் அடி) அடிச்சது பெனா பந்துல, ஜெயிச்ச ரன் அவர்தான். தோல்வியும் பெனாவுக்கு.

சிங்கிள் விஷயம்: ஆட்டத்தை முடிக்கிற அடியில, ஜெயிக்கிற ரன்னர் ஹோம் (ரன் ஆகற இடம்) வர எத்தனை பேஸ் தேவையோ, பேட்டருக்கு அதுக்கு மேல எழுதக் கூடாது. கிளாடன் அதுக்குள்ள மூணாவது பேஸுக்கு வந்து நின்னார், தேவை ஒண்ணே ஒண்ணு. ஹோம் ரன்னா இருந்தா மட்டும் முழுசா எழுதலாம்.

வெண்ணாற்றங்கரை:
டாலி வழி, ஒரு அணிக்கு: இடது பக்கம் அட்-பேட் (மத்த இந்த வகைகள்ல சேராத பேட்டிங் முறை), வாக் (பந்து சரியா வராம சும்மா கிடைச்ச முதல் பேஸ்), உடம்புல பட்டது, சாக்ரிஃபைஸ் பண்ட் (தான் அவுட் ஆகி ரன்னரை நகர்த்த மெல்லத் தட்டறது), சாக்ரிஃபைஸ் ஃப்ளை (உயர அடிச்சு கேட்ச் ஆகி ரன் வர வைக்கிறது), கேட்சர் (பேட்டருக்குப் பின்னாடி பந்து பிடிக்கிறவர்) குறுக்கிட்டதும் இருந்தா அதுவும். வலது பக்கம் ரன், பேஸ்ல மீந்தவங்க, எதிரணி எடுத்த அவுட். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அட்-பேட்டை மட்டும் கூட்டறவங்களுக்குத்தான் எப்பவும் உதைக்கும்.

அந்தப் பத்தாவதையே பாருங்க. கிளாடன் டபுள், நாப்லாக் பண்ட் போட்டு அவுட், பக்கெட், ஹெர்பெக் ரெண்டு பேருக்கும் வேணும்னே வாக், லார்கின் சிங்கிள். அட்-பேட் 2, பண்ட் 1, வாக் 2, ஆக 5. ரன் 1, அவுட் 1, மீந்தவங்க பக்கெட், ஹெர்பெக், லார்கின் 3 பேர், ஆக 5. லார்கினை விட்டுடாதீங்க, ஆட்டம் முடிஞ்சாலும் அவர் பேஸ்ல மீந்தவர்தான்.

குடந்தை ஸ்கோரர்:
நன்றிண்ணே. 8-வதுல அட்லாண்டாவோட பிரீம் அவுட்டுக்கு 3-2-3னு இருக்கே?

மன்னை மைதானம்:
எண் ஃபீல்டரோட இடம்: 3 முதல் பேஸ்காரர் (இங்க ஹெர்பெக்), 2 கேட்சர். ஹெர்பெக் பந்தை எடுத்து ஹோமுக்கு எறிஞ்சார், கேட்சர் ஹார்ப்பர் அங்க ஒரு அவுட் எடுத்துட்டு திருப்பி ஹெர்பெக்குக்கே எறிஞ்சார், அங்க பிரீம் அவுட். ரெண்டு பேருக்கும் புட்-அவுட் (அவுட் எடுத்ததுக்கு) 1, அசிஸ்ட் (எறிஞ்சு உதவினதுக்கு) 1. பேஸ் மூணும் நிறைஞ்சிருந்ததால ஹோம்ல மிதிச்சா போதும், ரன்னரைத் தொட வேண்டியதில்ல.