பேனலில் ஸ்டெயின் திட்டு விழுந்த அனுபவம் இருந்தா சொல்லுங்க

இழைப்புளி
தேக்கு வெனீர் (பலகை மேல ஒட்டுற மெல்லிய மரத்தாள்) பேனல், வால்நட் நிற ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏத்துற பூச்சு). பூசித் துணியால் துடைச்சதும் பீடிங் (ஓரத்துல ஒட்டுற மெல்லிய மரச்சட்டம்) ஓரமா கட்டைவிரல் அகலத்துக்கு ரெண்டு வெளிறின திட்டு. ரெண்டாம் கை கொடுத்தும் நிறம் ஏறல. பீடிங் ஒட்டும்போது பிதுங்கின வெள்ளைப் பசையை ஈரத்துணியால இழுத்துவிட்டதுதான் காரணம். பசை கரைஞ்சு மரத்தோட துவாரத்தை அடைச்சிடுது. 120 நம்பர் உப்புத்தாள் (நம்பர் கூடக்கூட தாள் நைசு) போட்டுத் தேய்ச்சு எடுத்த பிறகுதான் பிடிச்சது. ஸ்டெயினுக்கு முன்னாடி பேனல் முழுக்க தின்னரால துடைச்சுப் பாருங்க. பசை இருக்கிற இடம் அப்பவே தனியாத் தெரியும்.

ரேகை வாட்டம்
வெனீர்ல 120 வேண்டாங்க. பல வெனீர் அரை மில்லிதான். ஓரத்துல நாலு இழுப்பு கூடினா அடிப்பலகை எட்டிப் பார்க்கும், அதுக்கு வைத்தியம் கிடையாது. பசையை வெந்நீர்த் துணியால ஊறவெச்சு, மழுங்கின தகடால சுரண்டி, நல்லாக் காய்ஞ்சதும் தாளைக் கட்டையில சுத்தி 180 நம்பர்ல தேய்ங்க. இன்னொன்னு, திட்டை மட்டும் தேய்ச்சா அந்த இடம் கருத்துப் போகும். சொரசொரப்புல நிறமி அதிகமாத் தங்கும், வழுவழுப்புல கம்மி. அதனால கடைசித் தேய்ப்பு பேனல் முழுக்க ஒரே நம்பர்ல, ரேகை வாட்டத்துல இருக்கணும்.

காடிக்கட்டை
எங்க சைட்ல வேற கதை. பைன் பலகை, ஒரு பலகை ஓரத்து நாக்கை அடுத்ததோட காடியில (பள்ளத்துல) கோர்த்துச் சுவர்ல அடிச்ச பிறகு ஸ்டெயின். மழைக்காலத்துல பளிச்சுனு இருந்துச்சு. பங்குனி வெயில்ல மரம் சுருங்கினதும் ஒவ்வொரு இணைப்புலயும் மேலிருந்து கீழ வரை ஒரு வெள்ளைக்கோடு! ஸ்டெயின் படாத நாக்கு வெளிய வந்திருக்கு. கோர்க்கிறதுக்கு முன்னாடியே நாக்குக்கு ஒரு கை பூசியிருக்கணும்.

பட்டறை
120-ஆ 180-ஆன்னு பேசுறீங்க, டப்பாவை யாரும் சொல்லலியே. நிறமி அடியில படிஞ்சிடும். சுவர் பெருசுன்னா எல்லா டப்பாவையும் ஒரே வாளியில ஊத்திக் கலக்குங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிவரை கிண்டுங்க. ஒரு பலகையை முழு நீளமும் முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. பாதியில விட்டா காய்ஞ்ச ஓரத்து மேல ஈரம் ஏறிப் பட்டை விழும். பைனுக்கு முதல்ல தண்ணியாக் கலக்கின சீலர் (மரத்துவாரத்தை அடைக்கிற பூச்சு) ஒரு கை கொடுத்து லேசா 220 தேய்க்கணும், இல்லன்னா திட்டுத்திட்டாக் குடிக்கும். வெட்டுமுனை இன்னும் அதிகமாக் குடிக்கும், அங்கேயும் அதே சீலர். சாம்பிள் அதே மரத்துண்டுல, மேல் வார்னிஷோட பாருங்க. வார்னிஷ் ஏறினா நிறம் ஆழமாகும். ஆளிவிதை எண்ணெய் கலந்த ஸ்டெயின்னா துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. காயும்போது சூடேறித் தானாவே தீப்பிடிக்கும். வெளியில விரிச்சுக் காயப்போடுங்க, இல்ல தண்ணி வாளியில முக்கிவைங்க.

இழைப்புளி
180 சரிதான், ஒத்துக்கிறேன். பீடிங் ஓரத்துல லேசா அடிப்பலகை தெரியுது.