பிளவா, தையலா, வகிடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

துருவ ஓடை டயட்டங்களுக்கான (இரண்டு சிலிக்கா ஓடுகளுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகள்) நம் சொற்பட்டியலில், ஓட்டின் நீள்கீறலான ‘ராஃபே’ என்பதற்கு நேராகப் ‘பிளவு’ என்று இருக்கிறது. அதை ‘வகிடு’ என்று மாற்றக் கேட்டுக்கொள்கிறேன்.

அமிலத்தில் சுத்தம் செய்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிலிக்கா ஓடுகளில் பல உடைந்தே கிடக்கும். அந்த விரிசலும் பிளவுதான். டயட்டம் தானே அமைத்துக்கொண்டு, பசைப்பொருளைக் கசியவிட்டு ஊர்ந்து செல்ல உதவும் நீள்கீறலுக்கும் அதே பெயரா? ‘ஓட்டில் பிளவு உள்ளது’ என்று எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

ராஃபேவுக்குத் ‘தையல்’ என்று முன்மொழிந்த நண்பர், கிரேக்க மூலத்தில் அதுவே பொருள் என்று சரியாகவே சொன்னார். ஆனால் தையல் இரண்டை மூட்டுவது. இதுவோ திறந்திருக்கும் இடம்.

லூட்டிகோலா என்ற டயட்டப் பேரினத்தின் ஓடு ஒன்றை எண்ணெயிட்ட 100 மடங்கு வில்லையின் கீழ் வைத்துப் பாருங்கள். இருபுறமும் வாரிவிட்டாற்போல் துளைவரிகள். நடுவே நெடுக ஒரு மெல்லிய கோடு. மையத்தில், ஒரு பக்கத்தில் மட்டும், தனியாக ஒரு துளை. அந்தத் துளையான ‘ஸ்டிக்மா’வுக்குப் பட்டியலில் ‘சூலகமுடி’ என்று வந்திருக்கிறது. அது பூவின் உறுப்பு. உடனே நீக்க வேண்டும். இங்கே ‘பொட்டு’ போதும்.

வகிட்டின் பெரிய பலம், அதிலிருந்து கிளைச்சொற்கள் தடையில்லாமல் பிறப்பது. பேரினங்களைப் பாருங்கள்: நேவிகுலாவுக்கு நடு வகிடு. ஹான்ட்ஷியாவுக்கு ஓர வகிடு. அதன் இரண்டு ஓடுகளிலும் வகிடு ஒரே பக்கம் இருக்கும், நிட்ஸ்ஷியாவில் எதிரெதிர் மூலைகளில் இருக்கும். சம்மோதிடியத்தில் ஓர் ஓட்டுக்கு மட்டுமே வகிடு. வகிடே இல்லாதவை வகிடிலிகள். ‘பிளவு’ இத்தனைக்கும் ஈடுகொடுக்குமா?

கூந்தலுக்குரிய சொல் அறிவியலுக்கு ஒட்டாது என்று ஒருவர் தயங்கியிருந்தார். நேவிகுலா என்றால் சிறு படகு. லூட்டிகோலா என்றால் சேற்றில் வாழ்வது; 1990இல் தனிப் பேரினமாகப் பிரிக்கப்படும்வரை அதன் இனங்கள் அந்தப் படகில்தான் இருந்தன. கண்ணுக்குப் பட்டதைச் சொல்லும் இத்தகைய எளிய பெயர்களும் அறிவியலில் நிலைத்திருக்கின்றன.

இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளில் பனியாறு உருகி ஓடைகள் ஓடுவது கோடையின் சில வாரங்களே. மற்ற மாதங்களில் உறைந்து காய்ந்து கிடக்கும் பாசிப்படலம் நீர் பட்டதும் உயிர்க்கிறது. அங்கே கிடைத்த டயட்டங்களுக்கு முன்பு ஐரோப்பிய இனங்களின் பெயர்களையே பொருத்திவந்தார்கள். நுணுகிப் பார்த்தபின் பல அந்தக் கண்டத்துக்கே உரியவை என்று தெரிந்தது. வகிட்டின் நடுமுனைகள் பொட்டிலிருந்து விலகி வளைகின்றனவா, 10 மைக்ரோமீட்டருக்கு எத்தனை வரிகள் என்பவை போன்ற நுணுக்கங்களில்தான் இனம் பிரிகிறது. அவற்றைத் தமிழில் ஐயமின்றி எழுத முடிய வேண்டும். இனப்பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் இலத்தீன் வடிவிலேயே ஒலிபெயர்ப்போம்.

வரிகளில் உள்ள ஒவ்வொரு துளைக்கும், அதாவது ‘அரியோலா’வுக்கு, எனக்கு இன்னும் நிறைவான சொல் அமையவில்லை. ‘கண்’ என்று வைக்கலாமா? வலைக்கண் என்கிறோமே.