புதுப்பிப்பு: பிரெஞ்சு மேஜர் எடுக்கலாமா என்று கேட்டிருந்தேனே
போன வருஷம் இங்கே, லிபரல் ஆர்ட்ஸ் (பல துறைகளையும் கலந்து படிக்கும்) கல்லூரியில் பிரெஞ்சை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுத்தால் வெறும் இலக்கணத்தோடு நின்றுவிடுமா என்று கேட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே கோடையில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மிடில்பரி கல்லூரியின் பிரெஞ்சுப் பள்ளிக்கும் போய்வந்தேன். 1916இல் தொடங்கிய பள்ளி அது. படிப்பு முடியும்வரை பிரெஞ்சு தவிர வேறு மொழி பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், வகுப்பில் மட்டுமில்லை, சாப்பாட்டு மேசையிலும் விடுதியிலும்கூட. முதல் வாரம் தலைவலியே வந்துவிட்டது. மேலே என்றால் 'தெஸ்யூ', கீழே என்றால் 'தெஸூ'. உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லிச் சொல்லிப் பழகிய பிறகுதான் இரண்டும் என் வாயில் தனித்தனியாக வந்தன.

அப்புறம் பண்பாட்டு வகுப்பு. பாரிஸ்தான் பாடம் என்று நினைத்திருந்தேன், ஆனால் பாதி செமஸ்டர் கரீபியக் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான மர்த்தினிக், மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் என்றே போனது. மர்த்தினிக்கின் கவிஞர் எமே செசேரும், 1960இல் செனகலின் முதல் ஜனாதிபதியான செங்கோரும் பாரிஸில் ஒன்றாகப் படித்த நண்பர்கள். அதே மர்த்தினிக்குக்கு 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கூலி வேலைக்குக் கப்பலேறிய தமிழர்கள் கொண்டுபோன மசாலாவை அங்கே இன்றும் 'கொலொம்போ' என்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆய்வுக் கட்டுரைக்கு அதையே எடுத்திருக்கிறேன்.