புதுப்பிப்பு: கவுன்டர்ஸ்பெல் பட்டால் ஸ்லாட் போகுமா?

பெரம்பூரில் நாங்கள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, பாத்திரமாக நடித்து ஆடும் கதை விளையாட்டு) ஆட்டத்தில் ஒரு சண்டை எழுந்தது: ஒருவர் போடும் மந்திரத்தை எதிரி கவுன்டர்ஸ்பெல் (பிறர் மந்திரத்தைத் தடுக்கும் மந்திரம்) போட்டு முறித்தால், அதற்கான ஸ்லாட்டும் (மந்திரம் போட வைத்திருக்கும் அளவான வாய்ப்புகளில் ஒன்று) போய்விடுமா? இதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். முடிவு கிடைத்துவிட்டது.

2014 பதிப்பின் விதிப்படி 3ஆம் நிலை வரையிலான மந்திரம் தானாகவே முறியும்; ஸ்லாட்டும் வீண். 2024 விதியில் மந்திரம் போடுபவர் கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ (உடல் உறுதியால் தாக்குப்பிடிக்கிறாரா என்று பார்க்கும் பகடை) உருட்டுவார். தோற்றால் மந்திரம் கலையும், ஆக்‌ஷனும் (அந்த முறைக்கான செயல்) போகும், ஆனால் ஸ்லாட் மிஞ்சும். ராயபுரத்துத் தம்பியிடம் பழைய புத்தகம், டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையில் புதியது. அதனால்தான் இத்தனை வாக்குவாதம்! இனி 2024தான். உருட்ட ஒரு வாய்ப்பாவது தருவதே நியாயம்.

அப்புறம், கவுன்டர்ஸ்பெல்லையே கவுன்டர்ஸ்பெல்லால் தடுக்கலாமா என்று கேட்டவருக்கு: தடுக்கலாம். ஆனால் புதிய விதியில் ஒரு டர்னில் (ஒருவரின் முறையில்) ஒரு ஸ்லாட்தான் செலவழிக்க முடியும்; அது உங்கள் முதல் மந்திரத்துக்கே போய்விடும். அதனால் உங்கள் மந்திரத்தை, கவுன்டர்ஸ்பெல் போடும் எதிரிக்கு 60 அடிக்குள் இருக்கும் கூட்டாளிதான் காப்பாற்ற வேண்டும், அவருக்கு ரியாக்‌ஷன் (பிறர் செயலுக்கு உடனே பதில் தரும் வாய்ப்பு) மீதமிருந்தால்.