கிணற்றடி மனைக்குக் கையெழுத்து

குழு: ஆழ்வார்குறிச்சி வீடு

சங்கரன்: அனைவருக்கும் வணக்கம். கிணற்றடி மனை 11 சென்டுக்கும் ஆள் வந்துவிட்டார். நல்ல விலை. வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குப் பத்திர அலுவலகம். ஆதார் அட்டையுடன் வரவும்.

மீனாட்சி: யாரைக் கேட்டு?

வள்ளி: வெள்ளிக்கிழமை எனக்குத் தேர்வு இருக்கிறது.

சங்கரன்: நீ வர வேண்டாம் வள்ளி. அம்மா வந்தால் போதும்.

ராமசுப்பு: அண்ணா, அட்வான்ஸ் வாங்கியாயிற்றா?

சங்கரன்: ஒரு சிறு தொகை.

மீனாட்சி: புளியமரம் போன கதைதான்.

சங்கரன்: மரத்தை விடமாட்டாயா மீனா? அது பட்டுப்போன மரம்.

மீனாட்சி: பட்டுப்போன மரத்திலா அம்மா அந்த வருடம் நான்கு மூட்டைப் புளி உலுக்கினாள்?

ராமசுப்பு: விலையைப் பற்றி நான் பேசவில்லை அண்ணா. பொழுதுபோக்காக வானொலியில் பேசும் எங்கள் ஹாம் ரேடியோக்காரர்களுக்கு இதே காரியம் நடந்தது. பொறுமையாகப் படியுங்கள். 1981-ல் இணையம் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது. ஹாங்க் மக்னுஸ்கி என்ற அமெரிக்க ஹாம், உலகத்து அமெச்சூர் வானொலிக்காரர்கள் எல்லோருக்குமாக ஒரு முகவரித் தொகுதி கேட்டார், கொடுத்தார்கள். இணையத்தில் சேரும் கணினிக்கு முகவரியாக ஓர் எண் வேண்டும். அதில் 44 என்று தொடங்கும் எண்கள் அத்தனையும். 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். பிரையன் கான்டர் என்பவர் பல ஆண்டுகள் அதைப் பராமரித்தார். 2011-ல் அதற்கென்று ஏஆர்டிசி என்ற லாப நோக்கமற்ற நிறுவனத்தைக் கலிபோர்னியாவில் பதிந்தார்கள்.

லட்சுமி: குளித்துவிட்டு எழுதக் கூடாதா? இட்லி ஆறுகிறது.

ராமசுப்பு: வருகிறேன். 2019 ஜூலையில் திடீரென்று ஓர் அறிவிப்பு. தொகுதியில் கால் பங்கு, 44.192 முதல் கடைசி வரை, ஏறக்குறைய 42 லட்சம் எண்கள், அமேசானுக்குக் கைமாறிவிட்டன. விற்கலாமா என்று கேட்கவில்லை. விற்றுவிட்டோம் என்றுதான் சொன்னார்கள். தொகை 10 கோடி டாலருக்கு மேல்.

வள்ளி: எண்ணுக்கு யார் சின்ன மாமா இவ்வளவு கொடுப்பார்கள்?

ராமசுப்பு: பழைய முறையில் உலகத்துக்கே மொத்தம் 430 கோடி எண்கள்தான், கண்ணு. வட அமெரிக்காவில் புதிதாகக் கொடுக்க இருந்த கையிருப்பு 2015-லேயே தீர்ந்துவிட்டது. வேண்டுமென்றால் வைத்திருப்பவரிடம்தான் வாங்க வேண்டும்.

சங்கரன்: சும்மா கிடந்ததை நல்ல நேரம் பார்த்து விற்றிருக்கிறார்கள். இதில் என்ன தவறு?

ராமசுப்பு: பணத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். உதவித்தொகை, ஆராய்ச்சி என்று கொடுத்துவருகிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் வானொலிச் சங்கத்தின் மொட்டைமாடி ஆன்டெனாக் கூண்டைப் புதுப்பிக்க மட்டும் 2021-ல் 16 லட்சம் டாலர். முடிவெடுத்தவர்களிலும் ஹாம்கள் இருந்தார்கள், எங்கள் ஆட்கள்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊரார் என்றால் இவ்வளவு வலித்திருக்காது.

கார்த்திக்: சும்மா கிடக்கவில்லை அப்பா. ஜெர்மனி ஹாம்கள் தாங்களே அமைத்த ஹாம்நெட் என்ற கம்பியில்லா வலையமைப்பின் எண்கள் அந்தக் கால் பங்குக்குள்தான் இருந்தன. மலையுச்சி ரிலே நிலையங்களுக்கெல்லாம் புது எண் போட வேண்டியதாயிற்று. சம்பளம் வாங்காத ஆட்கள் விடுமுறை நாளில் மலை ஏறினார்கள்.

சங்கரன்: நீ சித்தப்பா கட்சிதானே.

மீனாட்சி: கிணறும் சும்மா கிடக்கவில்லை. போன சித்திரையில் குழாய் வராத பத்து நாளும் மேலத்தெருவே அங்கேதான் இறைத்தது.

சங்கரன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனாட்சி: படித்துவிட்டேன் அண்ணா.

வள்ளி: நான் படிக்கவில்லை. என்ன எழுதினார்?

லட்சுமி: தேர்வுக்குப் படி வள்ளி.

ராமசுப்பு: அண்ணா, மனையை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன். அந்த 44-க்கும் அப்படித்தான். முன்பே கேட்டிருந்தால் பாதிப்பேர் சம்மதித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அந்தச் சம்மதத்தைச் சொல்லும் இடமே எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சங்கரன்: அப்பாவுக்குப் பிறகு வீட்டு வரி யார் கட்டுவது என்று ஒருவரும் கேட்டதில்லை. 19 வருடம்.

மீனாட்சி: அதை ஒரு நாளாவது சொன்னீர்களா?

கார்த்திக்: அப்பா, எனக்குமே தெரியாது.

ராமசுப்பு: தெரியாது அண்ணா. கணக்கை எடுத்து வையுங்கள். என் பங்கைத் தந்துவிடுகிறேன்.

சங்கரன்: கணக்கு வேண்டாம்.

மீனாட்சி: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊருக்கு வந்து பேசலாமே. கிணற்றை மட்டும் தெருவுக்கு விட்டுவிட்டு மீதியை விற்க முடியுமா?

சங்கரன்: வாங்குகிறவர் கிணற்றோடுதான் கேட்கிறார்.

ராமசுப்பு: அளவையரைக் கூட்டிவந்து பார்ப்போம்.

சங்கரன்: வெள்ளிக்கிழமைக்கு அவரிடம் என்ன சொல்வது?

லட்சுமி: ஞாயிறு எத்தனை பேருக்குச் சமையல்? அம்மாவின் பித்தளை அண்டா யார் வீட்டில் இருக்கிறது?

மீனாட்சி: அதையும் அண்ணாவிடமே கேளுங்கள்.