அரசியல் கைதி யார் என்பதை மனித உரிமை அமைப்புகள் எப்படி முடிவு செய்கின்றன? வ.உ.சி. வழக்கை முன்வைத்து ஒரு கேள்வி

பொருநைக்கரை ஆசிரியர் (அம்பாசமுத்திரம்):

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். 1908ஆம் ஆண்டுத் திருநெல்வேலி எழுச்சியைப் பற்றிய பாடத்தின்போது மாணவி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். இன்றைய மனித உரிமை அமைப்புகள் அன்று இருந்திருந்தால் வ.உ.சிதம்பரனாரை அரசியல் கைதி என்று அறிவித்திருக்குமா. அறிவித்திருந்தால், மூன்றாண்டு கழித்து மணியாச்சியில் நடந்த ஆஷ் கொலை தொடர்பான சதி வழக்கில் ஏழாண்டுச் சிறை பெற்ற நீலகண்ட பிரம்மச்சாரியையும் அதே பட்டியலில் சேர்த்திருக்குமா என்பதே அவருடைய கேள்வி.

இருவரும் ஒரே ஆட்சியை எதிர்த்தவர்கள். இருவரையும் தண்டித்ததும் அதே ஆட்சிதான். ஆனால் ஒருவர் மீதான குற்றச்சாட்டு மேடைப்பேச்சைப் பற்றியது, மற்றவர் மீதானது கொலைச் சதியைப் பற்றியது. இன்றும் ஒரே நாட்டைக் குறித்து ஓர் அமைப்பு சிலரையும் இன்னோர் அமைப்பு பல நூறு பேரையும் அரசியல் கைதிகள் என்கின்றன. அந்நாட்டு அரசோ அப்படி ஒருவர்கூட இல்லை, சட்டத்தை மீறியவர்களே சிறையில் இருக்கிறார்கள் என்கிறது. இந்த வேறுபாடு அவரவர் சார்பினால் வருவதா, அல்லது எழுதப்பட்ட அளவுகோல்கள் இருக்கின்றனவா? நீதிமன்றத்திலும் உரிமை இயக்கங்களிலும் பணியாற்றியோர் விளக்கினால் வகுப்பில் பொறுப்புடன் விடை சொல்ல முடியும்.

பாளை வழக்குரைஞர்:

ஐயா, வணக்கம். எழுதப்பட்ட அளவுகோல்கள் இருக்கின்றன. பட்டியல்கள் வேறுபடுவதற்கு முதற்காரணம், ஒவ்வோர் அமைப்பும் அரசிடம் வைக்கிற கோரிக்கை வேறாக இருப்பதுதான். ஒருவரை நிபந்தனையின்றி உடனே விடுதலை செய்யுங்கள் என்று கேட்பதற்குக் கடுமையான அளவுகோல் வேண்டும். அவரை நேர்மையாக விசாரியுங்கள் என்று கேட்பதற்கு அந்த அளவு கடுமை தேவையில்லை.

ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 மே 28 அன்று லண்டனின் அப்சர்வர் இதழில் பீட்டர் பெனன்சன் என்ற வழக்குரைஞர் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த இயக்கம் அது. மனச்சான்றுக் கைதி என்று அவ்வமைப்பு அழைப்பது, தம் நம்பிக்கை, கருத்து, சமயம், இனம், மொழி போன்றவற்றுக்காகச் சிறைப்பட்டவரும், வன்முறையைக் கையாளாதவரும், அதற்காகப் பிறரைத் தூண்டாதவருமான ஒருவரைத்தான். அவருக்கு மட்டுமே நிபந்தனையற்ற விடுதலை கோரப்படும். அரசியல் கைதி என்பது இதைவிட விரிந்த வட்டம். குற்றச்செயலிலோ, அதைச் செய்தவரின் நோக்கத்திலோ, வழக்குத் தொடுத்த அரசின் நோக்கத்திலோ அரசியல் கூறு குறிப்பிடத்தக்க அளவில் இருந்தால், ஆயுதம் ஏந்தியவரும் அதற்குள் வருவார். அவருக்காக அவ்வமைப்பு கேட்பது காலதாழ்வற்ற, நேர்மையான விசாரணை. சித்திரவதையும் மரண தண்டனையும் எவருக்கும் கூடாது என்பது எல்லாக் கைதிகளுக்கும் பொதுவான நிலைப்பாடு.

இந்தப் பிரிவினை எவ்வளவு கடினமானது என்பதற்கு நெல்சன் மண்டேலாவின் வழக்கே சான்று. வேலைநிறுத்தத்தைத் தூண்டியதற்காகவும் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறியதற்காகவும் 1962இல் அவர் தண்டிக்கப்பட்டபோது ஆம்னஸ்டி அவரை மனச்சான்றுக் கைதியாக ஏற்றது. 1964இல் ரிவோனியா வழக்கில், நாசவேலைப் போராட்டத்தைத் திட்டமிட்டதை அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட பின்னர், அந்தத் தகுதியைத் தொடர முடியாது என்று முடிவு செய்தது. உறுப்பினர்களிடையே இதைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்து, கருத்துக்கணிப்பும் நடத்தப்பட்டது. பெரும்பான்மையினர் விதி விதியாகவே இருக்கட்டும் என்றனர். அந்த முடிவை இன்றுவரை பலர் குறைகூறுகிறார்கள். நான் அதை மதிக்கிறேன். உலகம் போற்றும் ஒருவருக்காக விதியைத் தளர்த்தியிருந்தால், யாரும் அறியாத ஒரு கைதிக்காக அதே அமைப்பு எழுதும் கடிதத்தை எந்த அரசும் பொருட்படுத்தியிருக்காது.

இனி நம் ஊர் வழக்குக்கு வருகிறேன். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12 அன்று கைது செய்யப்பட்டார்கள். திருநெல்வேலியில் அலுவலகங்கள் எரிக்கப்பட்டதும் துப்பாக்கிச் சூடு நடந்ததும் மறுநாள், மார்ச் 13 அன்று. அவர்களுடைய பேச்சுதான் கலவரத்தை உண்டாக்கியது என்று சொல்வதற்கு இந்த நாள்வரிசை இடம் தரவில்லை. கைதுதான் கலவரத்தை உண்டாக்கியது என்பதற்கே இடம் தருகிறது. இப்படிப்பட்ட நாள்வரிசையைத்தான் மதிப்பீட்டாளர்கள் முதலில் எழுதி வைப்பார்கள்.

அடுத்து அவர்கள் தண்டனையைப் பார்ப்பார்கள். நீதிபதி பின்ஹே 1908 ஜூலையில் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், அதாவது நாற்பது ஆண்டுகள் விதித்தார், சிவாவுக்குப் பத்தாண்டுகள். அதே ஜூலை மாதம், அதே 124ஏ என்ற தேசத்துரோகப் பிரிவின் கீழ், பம்பாயில் திலகருக்குக் கிடைத்தது ஆறாண்டு. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றமே வ.உ.சி.யின் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்ததை நோக்கினால், முதல் தீர்ப்பின் அளவுக்கும் குற்றச்சாட்டுக்கும் பொருத்தமில்லை என்பது தெளிவாகிறது. இன்றைய எந்த அளவுகோலின்படியும் வ.உ.சி. மனச்சான்றுக் கைதி என்பதே என் கருத்து.

நீலகண்ட பிரம்மச்சாரி அந்த வட்டத்துக்குள் வரமாட்டார். விரிந்த வட்டத்தில் வருவார். மாணவியிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

ஆவணப் பணியாளர் (தென்காசி):

வழக்குரைஞர் சொன்னதோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் கைதியின் செயலை மட்டும் பார்த்தால் பாதி விடைதான் கிடைக்கும். நான் தென் மாவட்டங்களில் உண்மையறியும் குழுக்களுக்காக ஆவணம் திரட்டும் வேலை செய்தவன் என்பதால், மறுபாதியைப் பற்றி, அதாவது அரசின் நோக்கத்தை எப்படி நிறுவுகிறார்கள் என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

ஐரோப்பிய நாடுகளின் மனித உரிமை அமைப்பான ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவை 2012 அக்டோபரில் 1900 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆர்மீனியாவும் அசர்பைஜானும் 2001இல் அம்மன்றத்தில் சேர்ந்த காலத்தில், அந்நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களின் வழக்குகளை ஆராயச் சுதந்திரமான வல்லுநர்கள் வகுத்த வரையறையே அத்தீர்மானத்தின் அடிப்படை. கருத்து, சமயம், கூட்டம், சங்கம் ஆகிய அடிப்படை உரிமைகளை மீறிய சிறைவைப்பும், எந்தக் குற்றத்துடனும் தொடர்பில்லாமல் முழுக்க அரசியல் காரணத்துக்காகச் செய்யப்பட்ட சிறைவைப்பும் அதில் வெளிப்படையாகவே அடங்கும். அவற்றுக்கு அப்பால் உள்ள மூன்றுதான் நுட்பமானவை. அரசியல் நோக்கத்தால் தண்டனையின் காலமோ சிறையின் நிலைமையோ குற்றத்துக்குப் பொருந்தாத அளவுக்குக் கடுமையாக இருப்பது, பிறரை நடத்துவதுபோல் நடத்தாமல் அவரை மட்டும் பாகுபடுத்திப் பிடிப்பது, அரசியல் நோக்கத்தோடு தொடர்புடைய வெளிப்படையான நேர்மையற்ற விசாரணை ஆகியவை அவை. உண்மையாகவே ஏதேனும் ஒரு குற்றத்தைச் செய்தவர்கூட இம்மூன்றின் வழியாக அரசியல் கைதியாக முடியும்.

நோக்கம் என்பது மனத்துக்குள் இருப்பது. அதை எந்த அரசும் காகிதத்தில் எழுதி வைப்பதில்லை. ஆகவே காகிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் இருக்கும் நேரமும் கைதுக் குறிப்பில் இருக்கும் நேரமும் ஒத்துப்போகின்றனவா, ஒரே சாட்சி ஊர்ஊராகப் பல வழக்குகளில் வருகிறாரா, ஒருவருக்குப் பிணை கிடைக்கும் நாளிலேயே அடுத்த வழக்கில் கைது காட்டப்படுகிறதா, அதே சாலை மறியலில் ஆளுங்கட்சியினர் ஈடுபட்டபோது எந்தப் பிரிவு போடப்பட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காவலில் எடுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைத் தவிர வேறு சான்றே இல்லாத வழக்கு எப்போதும் ஐயத்துக்குரியது. இந்தியாவில் முன்பு இருந்த தடா, பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களும், இலங்கையில் 1979 முதல் இருந்துவரும் பயங்கரவாதத் தடைச் சட்டமும், உயர் காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க வழிசெய்தவை. இலங்கைச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்த தமிழ்க் கைதிகளை உரிமை அமைப்புகள் அரசியல் கைதிகள் என்றதற்கு இதுவே முதன்மையான காரணம். அவர்கள் ஒவ்வொருவரும் குற்றமற்றவர் என்று அவை சொல்லவில்லை.

ரஷ்யாவின் மெமோரியல் என்ற மனித உரிமை அமைப்பு இந்த வேலையை மிகுந்த ஒழுங்குடன் செய்தது. ஒவ்வொரு பெயருக்கும் வழக்குக் காகிதங்களைப் படித்து, காரணம் எழுதி, அதன் பின்னரே பட்டியலில் சேர்க்கும். மனிதர்கள் மீது வன்முறை செய்தவரையும், இனம் அல்லது சமயத்தின் பெயரால் வன்முறைக்கு அழைத்தவரையும் அது சேர்ப்பதில்லை. ஆனால் தற்காப்புக்காகச் செய்ததையும், சான்று புனையப்பட்டதையும் தனியே கருதும். 2021 டிசம்பரில் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்ட அந்த அமைப்புக்கு மறு ஆண்டே நோபல் அமைதிப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அளவுகோலைப் பயன்படுத்துவோர் தடுமாறியதும் உண்டு. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்சி நவால்னியை 2021 ஜனவரியில் மனச்சான்றுக் கைதி என்று ஏற்ற ஆம்னஸ்டி, அவருடைய பழைய பேச்சுகளில் வெறுப்பு இருந்தது என்று பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்று, மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டு மீண்டும் வழங்கியது. அவர் சிறையில் இருந்தது அந்தப் பழைய பேச்சுகளுக்காக அல்ல. எதற்காகச் சிறையில் இருக்கிறார் என்ற கேள்வியை விட்டு, எப்படிப்பட்டவர் என்ற கேள்விக்கு நகர்ந்ததால் நேர்ந்த தடுமாற்றம் அது.

தென்கடல் ஊர்க்காரர்:

அண்ணாச்சிமார் இருவரும் எழுதியதைப் படித்தேன். நான் கூடங்குளத்துக்கு அருகில் உள்ள கடற்கரை ஊரைச் சேர்ந்தவன். நீங்கள் சொல்லும் அளவுகோல்கள் எல்லாம் பெயர் தெரிந்த மனிதருக்கே எட்டுகின்றன என்பது என் மனக்குறை. அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் உண்ணாநிலை இருந்தவர்கள் மீதும் ஊர்வலம் போனவர்கள் மீதும் 2011, 2012ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட வழக்குகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்க்கப்பட்டார்கள். தேசத்துரோகப் பிரிவும், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்த பிரிவும்கூட அவற்றில் இருந்தன. மீன் விற்கும் பெண்களும் பீடி சுற்றும் பெண்களும் திருச்சி மகளிர் சிறையில் மாதக்கணக்கில் இருந்தார்கள். முதல் தகவல் அறிக்கைகளில் ஒருசிலர் பெயரை எழுதி, மற்றும் பலர் என்று முடித்திருந்தார்கள். அந்தப் பலரில் தானும் ஒருவனா என்று தெரியாமல் ஊரைவிட்டு வெளியே போக அஞ்சியிருந்தோர் எத்தனையோ பேர். 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே வழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்று சொன்ன பிறகும் அவை ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. எங்கள் உறவினர் ஒருவருக்கு வெளிநாட்டு வேலை வந்தபோது, நிலுவையில் இருந்த வழக்கைக் காட்டிக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சிறைக்குள் இருப்பவரை மட்டும் எண்ணினால் இவரை எந்தக் கணக்கில் வைப்பது?

பொருநைக்கரை ஆசிரியர்:

தம்பி, உங்கள் கேள்வி என் கேள்வியைவிடப் பெரியது. அதற்கு மற்றவர்கள் விடை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூடவே, இந்தியச் சட்டத்தில் அரசியல் கைதி என்ற தகுதி உண்டா என்பதையும் வழக்குரைஞர் ஐயா தெரிவிக்க வேண்டுகிறேன்.

பாளை வழக்குரைஞர்:

நாடு முழுமைக்குமான சட்ட வரையறை கிடையாது. மேற்கு வங்கத்தின் 1992ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சிறைச் சட்டத்தில் அப்படியொரு தகுதி இருந்தது. அதன்படி மாவோயிஸ்ட் வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்ட சிலருக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2012இல் அத்தகுதியை வழங்கியது. மறு ஆண்டே மாநில அரசு சட்டத்தைத் திருத்தி அந்த வாயிலைச் சுருக்கிவிட்டது. இத்தகுதியால் கிடைத்ததும் சிறைக்குள் தனி அறை, புத்தகம், செய்தித்தாள் போன்ற வசதிகள்தாமே அன்றி விடுதலை அன்று.

நம் நாட்டில் தீர்ப்பைக் காட்டிலும் விசாரணைக் காலமே தண்டனையாகிறது. நம் கலிங்கப்பட்டியைச் சேர்ந்த வைகோ, திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக 2002 ஜூலையில் பொடாவில் கைதாகி, 2004 பிப்ரவரியில்தான் வேலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். இடையே 2003 டிசம்பரில், குற்றநோக்கம் இல்லாத வெறும் வாய்மொழி ஆதரவு அச்சட்டத்தின் கீழ்க் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருந்தது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான ஊபாவின் 43டி(5) பிரிவு பிணையை இன்னும் அரிதாக்கியிருக்கிறது. அச்சட்டத்தின் கீழ்க் கைதான பாதிரியார் ஸ்டான் சுவாமி 84 வயதில், விசாரணை தொடங்காமலே, 2021 ஜூலையில் காவலில் இறந்தார். அவரைச் சிறைவைத்தது தன்னிச்சையானது என்று, தன்னிச்சையான சிறைவைப்பை ஆராயும் ஐ.நா. செயற்குழு கருத்துரைத்தது அவர் மறைந்த பின்னர்தான்.

ஆவணப் பணியாளர் (தென்காசி):

கடற்கரைத் தம்பியின் கேள்விக்கு என்னால் இயன்ற விடை இது. சிறையில் இல்லாதவரை அரசியல் கைதிகளின் பட்டியலில் சேர்க்க இயலாது. ஆனால் பொய் வழக்கில் அலைக்கழிக்கப்படுவோருக்காகப் பல அமைப்புகள் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. பெயர் தெரியாதோரை விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் பட்டியலிடுவோரிடமும் உண்டு. மியான்மரின் முன்னாள் கைதிகள் 2000ஆம் ஆண்டில் தாய்லாந்து எல்லையில் தொடங்கிய உதவிச் சங்கம், இயக்கத்தில் முன்னின்றவரை மட்டுமன்றி, துணைநின்றதாக அரசு கருதிப் பிடித்தவரையும் தன் வரையறைக்குள் வைக்கிறது. முன்பே அவர்கள் சிறையை அறிந்தவர்கள் என்பதால்தான் அந்த வரையறை அப்படி அமைந்தது என்று நினைக்கிறேன்.

வழக்குரைஞர் குறிப்பிட்ட ஐ.நா. செயற்குழு 1991இல் அமைக்கப்பட்டது. அதற்கு முறையிடப் பெயர்பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. குடும்பத்தாரோ ஓர் அமைப்போ எழுதலாம், செயற்குழு அரசுக்கு அனுப்பி 60 நாளுக்குள் பதில் கேட்கும். எதுவானாலும் காகிதம் இல்லாமல் நடக்காது. ஆகவே உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது அந்நாளைய முதல் தகவல் அறிக்கையின் படி, கைதுக் குறிப்பு, பிணை ஆணை, சிறை நுழைவுச் சீட்டு, கடவுச்சீட்டு மறுப்புக் கடிதம் ஆகியவை இருந்தால், மூலத்தை யாரிடமும் கொடுக்காமல் இரண்டு படிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் யாருடையது, எந்த நாள் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். வரிசைப்படுத்த ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.